நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறதா? எந்த சிகிச்சை எதற்கு, டாக்டரிடம் என்ன கேட்பது

"என்னய்யா, நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சப் பிடிச்சுப் போட்ட மாதிரி துடிக்கி" என்று அம்மா ஒருநாள் காலை ஆறு மணிக்கு வந்து நின்றாள். வீட்டில் கிடந்த பிபி மெஷினை எடுத்துக் கட்டினேன். பல்ஸ் 131 காட்டியது, ஓரத்தில் ஒரு குட்டி இதயப் படம் விட்டுவிட்டு மின்னியது. மெஷின் வாங்கி மூன்று வருடம் ஆகியும் அந்தப் படம் எதற்கு என்று நான் பார்த்ததே இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று மாற்றிப் போட்டுக் கட்டினால் 97. மறுபடி கட்டினால் 142. கோளாறு மெஷினில் இல்லை. அந்தக் குட்டிப் படத்துக்கு 'துடிப்பு சீராக இல்லை' என்று அர்த்தம், அட்டைப்பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் அப்படியே போட்டிருக்கிறான்.

அன்றைக்கு எடுத்த ஈசிஜியைப் பார்த்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று எழுதிக் கொடுத்தார்கள், சுருக்கமாக ஏஎஃப். அதற்குப் பிறகு நாலு வருடமாக பாளையங்கோட்டையில் கார்டியாலஜி ஓபி வரிசையில் உட்கார்ந்து, மாத்திரைச் சீட்டை ஒப்பிட்டு, இரண்டு தப்பும் பண்ணி நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் இதில் ஒன்றும் இருக்காது. டாக்டர் ஐந்து நிமிடம் தருகிற இடத்தில் அந்த ஐந்து நிமிடத்தை எப்படி வாங்கிக்கொள்வது என்பதுதான் இருக்கும்.

முதலில் எது தப்புகிறது என்று தெரிய வேண்டும்

'படபடப்பு' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் ஐந்தாறு வேறு வேறு விஷயம் இருக்கிறது, ஒன்றின் சிகிச்சை இன்னொன்றுக்கு ஆகாது. அதனால் வீட்டிலேயே ஒரு வேலை செய்யுங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை இங்கே உதவாது, ஏனென்றால் நமக்கு எண்ணிக்கையைவிடத் தாளம் முக்கியம். சீராக ஓடுகிறதா, இல்லை இரண்டு துடிப்புக்கு இடையில் ஒருமுறை நீளமாகவும் ஒருமுறை குறுகலாகவும் கண்டபடி இருக்கிறதா என்று விரலுக்கே தெரியும். உட்கார்ந்திருக்கும்போது 60லிருந்து 100 வரை சாதாரணம்.

சீரான ஓட்டத்துக்கு நடுவில் எப்போதாவது ஒரு துடிப்பு விழுங்கினாற்போல் நின்று, அடுத்தது 'தொம்' என்று அடித்தால் அநேகமாக அது எக்டோபிக், முறைக்கு முன்னாலேயே முந்திக்கொண்டு வருகிற துடிப்பு. தூக்கம் கெட்டாலும், கவலை கூடினாலும், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் வரும். எக்கோவில், அதாவது இதயத்தைப் பார்க்கிற அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், இதயம் நன்றாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு மருந்தே தேவைப்படாது, பயம் போனாலே பாதி குறைந்துவிடும். ஆனால் எத்தனை வருகிறது என்று ஹோல்ட்டரில், அதாவது ஒரு நாள் முழுக்க உடம்பில் மாட்டிவிடுகிற சின்ன ஈசிஜி பெட்டியில், எண்ணிப் பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள். நாள் முழுதும் அடிக்கிற துடிப்பில் பத்தில் ஒன்றுக்கு மேல் இப்படிப்பட்ட துடிப்பாக இருந்தால், அதுவே நாளடைவில் இதயத்தைத் தளர்த்தலாம்.

திடீரென்று சுவிட்ச் போட்ட மாதிரி 160, 180 என்று சீராக ஓடி, அதே மாதிரி சட்டென்று நின்றால் அது எஸ்விடி, அதாவது இதயத்தின் மேல்பக்கத்திலிருந்து கிளம்புகிற வேகத் துடிப்பு வகையாக இருக்கலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்குக்கூட வரும், நிறைய பேரை 'டென்ஷன்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதற்கு மருந்தே இல்லாத ஒரு வித்தை உண்டு. சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஒரு 10 மில்லி காலி சிரிஞ்சின் வாயில் வாயை வைத்து, உள்ளே இருக்கிற தண்டு அசைகிற அளவுக்கு 15 நொடி தம் பிடித்து ஊத வேண்டும், உடனே மல்லாக்கப் படுத்துக்கொள்ள, இன்னொருவர் இரண்டு காலையும் 45 டிகிரி தூக்கி 15 நொடி பிடிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒப்பிட்டுப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள்: வெறுமனே தம் பிடித்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு நின்றது, காலையும் தூக்கியபோது 43 பேருக்கு நின்றது. ஆனால் முதலில் ஈசிஜி எடுத்து இது எஸ்விடிதான் என்று உறுதியாகி, டாக்டர் சொல்லிக் கொடுத்த பிறகு வீட்டில் செய்யுங்கள். ஏஎஃப்புக்கு இது வேலை செய்யாது, நெஞ்சுவலியோடு இருப்பவர் தம் கட்டிக்கொண்டு நேரத்தைப் போக்கவும் கூடாது. இதில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் அடினோசின் ஊசி போடுவார்கள், சில நொடிக்கு உயிரே போகிற மாதிரி இருக்கும் என்று போட்டவர்கள் சொல்வார்கள், உடனே தெளிந்துவிடும். அடிக்கடி வந்தால் அப்லேஷன், அதாவது உள்ளே கம்பி விட்டுக் கோளாறான இடத்தைச் சுட்டுவிடுவதுதான், நல்ல வழி. எஸ்விடியில் அது பெரும்பாலானவர்களுக்கு ஒரே தடவையில் முடிந்துபோகிற காரியம்.

மெதுவாக, 40க்கும் கீழே ஓடி, தலைசுற்றி மயங்கி விழுந்தால் அது வேறு கதை. மருந்தால் அப்படி ஆகிறதா என்று முதலில் பார்ப்பார்கள், இல்லையென்றால் பேஸ்மேக்கர். அது துடிப்பு இறங்காமல் தாங்கிப் பிடிக்கும், வேகமாக ஓடுகிறதை நிறுத்தாது. பக்கத்து வீட்டு மாமாவுக்கு வைத்தார்களே, நமக்கும் வைத்தால் சரியாகிவிடுமா என்று ஏஎஃப்காரர்கள் கேட்பதற்கு இதுதான் பதில். இதயத்தின் கீழறையிலிருந்து கிளம்புகிற வேகத் துடிப்பு இன்னும் ஆபத்து, அதற்கு ஐசிடி என்கிற ஷாக் கொடுக்கும் கருவிவரை போக வேண்டியிருக்கும். இது வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை.

படபடப்போடு நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல், வியர்த்து உடம்பு சில்லிடுதல் இதில் எது இருந்தாலும் மேற்கொண்டு படிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் விழுவது, பேச்சு குழறுவது, இதெல்லாம் பக்கவாதத்தின் அடையாளம், இதுவும் 108தான். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு, அதுவும் நாம் கவனித்த நேரத்திலிருந்து இல்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. படுக்கப் போகும்போது நன்றாக இருந்தாரா, காபி குடிக்கும்போது நன்றாக இருந்தாரா என்பதை மணியோடு சொல்லத் தெரிந்த ஒரு ஆள் கூடப் போக வேண்டும். எந்த ரத்தம் உறையா மாத்திரை சாப்பிடுகிறார், கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதையும் அவரே சொல்ல வேண்டும், ஊசி போடலாமா என்று முடிவு செய்ய அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஏஎஃப் என்றால் மூன்று கணக்கு, ஒரே நோட்டில் எழுதாதீர்கள்

இனி ஏஎஃப் மட்டும். இதயத்தின் மேலறை இரண்டும் ஒழுங்காகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 350க்கு மேல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். நடுவில் வாசல்காரன் மாதிரி ஏவி நோடு என்று ஒன்று இருப்பதால்தான் அத்தனையும் கீழே இறங்காமல் 120, 140 என்று கண்டபடி இறங்குகிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்காததால் அதன் இடது பக்கத்தில் காது மடல் மாதிரி இருக்கிற ஒரு சின்னப் பையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்தது கிளம்பினால் நேரே மூளைக்குப் போகலாம். ஏஎஃப் உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து மற்றவரைவிடச் சுமார் ஐந்து மடங்கு என்று சொல்வது இதனால்தான்.

ஆக மூன்று கேள்வி. கட்டி உறையாமல் பார்ப்பது ஒன்று, வேகத்தைக் குறைப்பது ஒன்று, தாளத்தைப் பழையபடி திருப்புவது ஒன்று. நான் செய்த பெரிய தப்பு இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்தது. மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் அம்மாவுக்குத் துடிப்பு அடங்கி, அவள் பாட்டுக்குக் கோயிலுக்கும் சந்தைக்கும் போய் வந்துகொண்டிருந்ததால் 'சரியாகிவிட்டது' என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அடங்கியது வேகம் மட்டும்தான். தேங்குகிற ரத்தம் அப்படியேதான் தேங்குகிறது. தாளம் திரும்பினவருக்குக்கூட ஏஎஃப் தெரியாமல் வந்து வந்து போகலாம், அவருக்கும் உறையா மாத்திரை தேவையா என்பதை அவருடைய மற்ற ஆபத்துகள்தான் தீர்மானிக்கும், நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்பது இல்லை.

அந்த ஆபத்தை எண்ண ஒரு புள்ளிக் கணக்கு உண்டு, உலகம் முழுதும் டாக்டர்கள் மனதுக்குள் போடுகிற கணக்கு. இதயத் தளர்ச்சிக்கு 1, ரத்தக் கொதிப்புக்கு 1, சர்க்கரைக்கு 1, மாரடைப்பு மாதிரி ரத்தக்குழாய் நோய்க்கு 1, வயது 65லிருந்து 74க்குள் என்றால் 1, 75ஓ அதற்கு மேலோ என்றால் 2, ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்றால் இன்னொரு 1 என்று முன்பு சேர்ப்பார்கள், ஐரோப்பிய இதய டாக்டர்கள் சங்கம் 2024இல் அதை எடுத்துவிட்டது. இந்தப் புதுக் கணக்குப்படி 2 வந்தால் உறையா மருந்து வேண்டும், 1 வந்தால் பேசி முடிவு செய்யலாம். அம்மாவுக்கு 71 வயது, பிபி, சர்க்கரை, மூன்று. உங்கள் வீட்டு ஆளுக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போய், "சார், மூணு வருது, சரியா?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி ஆகும்.

ஆஸ்பிரின் இதற்குப் போதாது. "ரத்தம் கரையுற மாத்திரைதான் ஏற்கெனவே போடுறேனே" என்று ஆஸ்பிரினைக் காட்டுகிறவர்கள் நிறைய. ஏஎஃப்பில் அது பக்கவாதத்தைச் சரியாகத் தடுப்பதில்லை, ரத்தக் கசிவு ஆபத்து மட்டும் கூடும்.

எந்த உறையா மாத்திரை

பழையது, புதியது என்று இரண்டு கூட்டம். பழைய கூட்டத்தில் வார்ஃபரின், நம்மூரில் அதிகமாக எழுதுவது அதன் தம்பியான அசினோகூமரால், அசிட்ரோம் என்று கேட்டால் கடையில் தெரியும். வார்ஃபரின் என்றதும் எங்கள் சித்தி "அது எலி மருந்தாம்ல" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். பொய் இல்லை. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன, விஸ்கான்சினில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வகம் அதில் இருந்த பொருளைப் பிரித்தது, அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது, அடுத்த வருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுத்தார்கள். அளவுதான் விஷயம். அந்த அளவைப் பிடிக்கத்தான், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிற ஐஎன்ஆர் பரிசோதனை. ஏஎஃப்புக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும். ஆரம்பத்தில் அடிக்கடியும் நிலையானபின் மாதம் ஒருமுறையும் பார்க்கச் சொல்வார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ஐஎன்ஆர், எத்தனை மில்லிகிராம் என்று மூன்று கோடு போட்டு எழுதினால் போதும்.

இதைச் சாப்பிடுகிறவர்கள் கீரையையே தொடக்கூடாது என்று ஒரு வதந்தி உண்டு. கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் சொல்வது 'சாப்பிடாதே' என்று இல்லை, 'ஒரே மாதிரி சாப்பிடு' என்று. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஆடி மாதம் முழுக்கக் கீரையாகத் தின்றுவிட்டு ஆவணியில் நிறுத்தினால்தான் கணக்கு குலையும். ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, நாட்டு மருந்துப் பொடி, கஷாயம் எது புதிதாகச் சேர்ந்தாலும் ஐஎன்ஆர் ஒரு தடவை கூடுதலாகப் பாருங்கள்.

புதிய கூட்டம் டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான், எடாக்சபான். ஐஎன்ஆர் வேண்டாம், கீரைக் கணக்கு வேண்டாம், மூளைக்குள் ரத்தம் கசிகிற ஆபத்தும் வார்ஃபரினைவிடக் குறைவு. காப்புரிமை முடிந்து நம்மூர்க் கம்பெனிகளும் தயாரிப்பதால் ரிவராக்சபானும் அபிக்சபானும் முன்பு விற்ற விலை இப்போது இல்லை. அதனால் பெரும்பாலானவர்களுக்கு இப்போது முதலில் எழுதுவது இவைதான். ஆனால் இரண்டு பேருக்கு ஆகாது, இதை நம்மூரில் அழுத்திச் சொல்ல வேண்டும்: உலோக வால்வு வைத்தவருக்கும், சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கிப்போனவருக்கும் பழைய மருந்துதான். நம்மூரில் அந்தக் காய்ச்சல் வந்து வளர்ந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். 24 நாடுகளில் அப்படிப்பட்ட ஏஎஃப் நோயாளிகளை வைத்துச் செய்து 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வில் ரிவராக்சபான் சாப்பிட்டவர்களைவிடப் பழைய மருந்து சாப்பிட்டவர்களில்தான் சாவு குறைவாக இருந்தது. 'புதுசு நல்லது' என்று மாமன் மகன் சொன்னான் என்பதற்காக மாற்றிக்கொள்ளாதீர்கள், எக்கோ ரிப்போர்ட்டில் மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்று இருக்கிறதா என்று பார்த்துக் கேளுங்கள்.

மாத்திரைக்கு மாத்திரை பழக்கமும் வேறு. ரிவராக்சபானை வயிறு நிறையச் சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் முழுசாக உடம்பில் சேராது. எங்களுக்கு இது தெரிந்தது கந்தசஷ்டிக்குத்தான். அப்போது அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு, "மாத்திர தவறாமப் போட்டுட்டேன்யா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட டாக்டர் சிரித்துவிட்டு, விரதம் இருக்கிற ஆளுக்கு இது சரிப்படாது என்று அபிக்சபானுக்கு மாற்றினார். அதற்குச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை, ஆனால் காலை மாலை இரண்டு வேளை. மறதி உள்ளவருக்கு இரண்டு வேளை பெரிய பாடு, விரதக்காரருக்குச் சாப்பாட்டோடு போடுகிற ஒரு வேளை பெரிய பாடு. உங்கள் வீட்டு ஆள் எந்த ரகம் என்று டாக்டருக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். டாபிகாட்ரான் கேப்ஸ்யூலை உடைத்துத் தண்ணீரில் கலக்கக் கூடாது, அட்டையிலிருந்து பிரித்து மாத்திரை டப்பாவில் போட்டு வைக்கவும் கூடாது.

இவை கொஞ்சமோ நிறையவோ சிறுநீரகம் வழியாகப் போவதால் வருடத்துக்கு ஒருமுறையாவது கிரியாட்டினின் என்கிற சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், வயது கூடினால் இன்னும் அடிக்கடி. அபிக்சபானில் வயது 80ஓ அதற்கு மேலோ இருப்பது, எடை 60 கிலோவோ அதற்குக் கீழோ இருப்பது, கிரியாட்டினின் 1.5ஓ அதற்கு மேலோ இருப்பது என்ற மூன்றில் இரண்டு இருந்தால் அளவைக் குறைப்பார்கள். அம்மா 54 கிலோ, ஆனால் மற்ற இரண்டும் இல்லை, அதனால் முழு அளவு. 'ஒல்லியா இருக்காங்க, பாதி போதும்' என்று நாமாகக் குறைத்தால் கசிவு பயம் குறைந்த மாதிரி தோன்றும், பக்கவாதப் பாதுகாப்புதான் குறைந்திருக்கும்.

சரி, இப்போது என்னுடைய இரண்டாவது தப்பு. அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டியிருந்தது. பல் கிளினிக்கில் "ரத்த மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்றார்கள், நாங்களும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினோம். பல் எடுத்தாயிற்று. எப்போது திரும்பத் தொடங்குவது என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அட்டையில் மாத்திரை குறையவே இல்லையே என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தபோது பதினொரு நாள் ஆகியிருந்தது. ஒன்றும் ஆகவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். ஒரு பல் எடுக்கப் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டியதில்லை, அல்லது அன்று காலை ஒரு வேளையைத் தள்ளிப் போட்டால் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. யார் நிறுத்தச் சொன்னாலும், எந்தத் தேதி எந்த வேளை நிறுத்துவது, எந்தத் தேதி எந்த வேளை தொடங்குவது என்ற இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

ஒரு வேளை மறந்தால்: இரண்டு வேளை மாத்திரை என்றால் ஆறு மணி நேரத்துக்குள், ஒரு வேளை மாத்திரை என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், தாண்டிவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததைப் போடுங்கள், இரண்டாகப் போடவே கூடாது. இது புதிய கூட்டத்துக்கு மட்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்குகிற டைக்லோஃபெனாக், ஐபூபுரூஃபன் வேண்டாம். கறுப்பாக மலம் போனால் அன்றே காட்டுங்கள். தலையில் அடிபட்டால் வெளியே காயமே இல்லாவிட்டாலும் போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். கசிவால் எந்த உறையா மாத்திரையும் போட முடியாது என்ற நிலை வந்தவர்களுக்கு, அந்தக் காது மடல் பையையே ஒரு அடைப்பான் வைத்து மூடுகிற வழியும் உண்டு. செலவு ஜாஸ்தி, எல்லா ஊரிலும் செய்வதும் இல்லை.

வேகத்தைக் குறைப்பது

இது எளிது. மெட்டோபுரோலால், பைசோபுரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் முதலில். ஆஸ்துமா இருந்தால் சொல்லிவிடுங்கள், டில்டியாசெம் பக்கம் போவார்கள். ஆனால் இதயத் தளர்ச்சி உள்ளவருக்கு டில்டியாசெம் ஆகாது. ஓய்வில் 110க்குக் கீழே இருந்தாலே முதல் கட்டத்துக்குப் போதும் என்று நெதர்லாந்தில் நடந்து 2010இல் வந்த ஆய்வு காட்டியது, அதனால் 88 வந்தால் 72 ஆகவில்லையே என்று கவலைப்படாதீர்கள். பிபி மெஷின் ஏஎஃப்பில் ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டும், மூன்று முறை எடுத்துச் சராசரி எழுதுங்கள்.

டிஜாக்சின் எழுதினால் ஒரு கண் வைத்திருங்கள். பழைய மருந்து, நல்ல மருந்து, ஆனால் போதுமான அளவுக்கும் அதிகமான அளவுக்கும் இடைவெளி குறைவு. நம்மூரில் வாரத்தில் ஐந்து நாள் மட்டும் என்று எழுதுகிற வழக்கமும் அதனால்தான். பசியே இல்லை, குமட்டுகிறது, பார்வை மஞ்சளாகத் தெரிகிறது என்று வயதானவர் சொன்னால் 'பித்தம்' என்று இஞ்சிச் சாறு கொடுக்காமல் டாக்டரிடம் போங்கள்.

தாளத்தைத் திருப்புவது

முன்பெல்லாம் வேகம் குறைந்தால் போதும், தாளம் எப்படியோ போகட்டும் என்பார்கள். 2002இல் வந்த அஃபர்ம் ஆய்வில் இரண்டு வழிக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பது காரணம். ஆனால் 2020இல் வந்த ஐரோப்பிய ஆய்வு, ஏஎஃப் தெரிந்து ஒரு வருடத்துக்குள் தாளத்தைத் திருப்ப முயன்றவர்களுக்குப் பக்கவாதம், இதயத் தளர்ச்சி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் குறைவு என்று காட்டியது. மேலறை நடுங்க நடுங்க அதுவே அதற்குப் பழகிப் பெரிதாகிக்கொண்டு போகும், அப்புறம் திருப்புவது கஷ்டம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "இவருக்கு ரிதம் திருப்பப் பார்க்கலாமா, இல்லையென்றால் ஏன் வேண்டாம்?" இதை முதல் சில மாதங்களில் கேளுங்கள், ஐந்து வருடம் கழித்து இல்லை. நான் கேட்கத் தாமதித்தேன். கேட்டபோது அம்மாவின் இடது மேலறை நன்றாகப் பெரிதாகியிருந்தது, வேகத்தை மட்டும் பிடித்து வைப்போம் என்றார்கள்.

சட்டென்று திருப்ப ஷாக் கொடுப்பது ஒரு வழி. லேசாகத் தூங்க வைத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், சினிமாவில் காட்டுகிற மாதிரி இல்லை. ஆனால் ஏஎஃப் தொடங்கி ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தால் (முன்பு இரண்டு நாள் என்பார்கள்) மூன்று வாரம் உறையா மருந்து கொடுத்துவிட்டோ, தொண்டை வழியாக எக்கோ குழாய் விட்டுக் கட்டி இல்லை என்று பார்த்துவிட்டோதான் செய்வார்கள். இல்லாவிட்டால் தாளம் திரும்புகிற வேகத்தில் உள்ளே இருக்கிற கட்டி கிளம்பிவிடும். செய்த பிறகும் குறைந்தது நாலு வாரம் உறையா மாத்திரை கட்டாயம். பிபி இறங்கி உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்க மாட்டார்கள்.

மாத்திரையில் நம்மூரில் அதிகம் பார்ப்பது அமியோடரோன். தளர்ந்த இதயத்துக்கும் கொடுக்கலாம் என்பதால் டாக்டர்களுக்குப் பிடிக்கும். ஆனால் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது, தைராய்டு இரண்டு பக்கமும் புரளலாம். ஈரல், நுரையீரல், கண் எதையும் விட்டுவைக்காது, நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடம்பில் கிடக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் ஈரலும் பார்க்கச் சொல்லாமல் வருடக்கணக்கில் சீட்டு நீண்டுகொண்டே போனால் நீங்களே கேளுங்கள். அசிட்ரோமோடு சேர்ந்தால் ஐஎன்ஆர் எகிறும். வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் புதிதாக வந்தால் சளி என்று விட்டுவிடாதீர்கள். ஃபிளெகெய்னைடு, புரோபஃபெனோன் எல்லாம் இதயத்தில் வேறு கோளாறு இல்லாதவர்களுக்கு. எப்போதாவது வருகிறவருக்கு, வந்தால் மட்டும் போட்டுக்கொள்ளச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற முறையும் உண்டு, முதல் தடவை ஆஸ்பத்திரியில் போட்டுப் பார்த்த பிறகு.

அப்லேஷன் என்றால் தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு, இடது மேலறைக்குப் போய், நுரையீரலிலிருந்து ரத்தம் வருகிற குழாய்களின் வாயைச் சுற்றி வட்டமாகச் சுட்டுவிடுவது. அந்தக் குழாய்களுக்குள்ளிருந்துதான் பெரும்பாலும் ஏஎஃப் கிளம்புகிறது என்று பிரான்சில் போர்தோ நகரத்து டாக்டர்கள் 1998இல் கண்டுபிடித்தார்கள். சூட்டால் சுடலாம், உறைய வைத்து அணைக்கலாம், இப்போது மின் துடிப்பால் செய்கிற பல்ஸ்டு ஃபீல்டு முறையும் வந்திருக்கிறது. வந்து வந்து போகிற ஏஎஃப்புக்கு நன்றாக வேலை செய்யும், நிரந்தரமாகிவிட்டதற்கு அவ்வளவு இல்லை. செய்தபின் முதல் இரண்டு மூன்று மாதம் படபடப்பு வந்து போகும், அதற்குள் தோற்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சிலருக்கு இரண்டாம் தடவை தேவைப்படும். இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குவது, பக்கவாதம் மாதிரி சிக்கல்கள் அரிதாக உண்டு, அதனால் "இங்கே வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. காப்பீட்டில் வருமா என்பதை அட்டையோடு போய் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கவுன்டரிலேயே கேளுங்கள், ஓபியில் சொல்வதை நம்பித் தேதி வாங்காதீர்கள்.

மாத்திரைக்கு வெளியே

தைராய்டு ஒருமுறை பார்த்தாகிவிட்டதா? அது கூடினாலே ஏஎஃப் வரும். இரவில் கூரை அதிர்கிற மாதிரி குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் அதற்கும் பரிசோதனை உண்டு, அதைச் சரிசெய்யாமல் ஏஎஃப்பைச் சரிசெய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. பருமன் உள்ளவர் பத்து சதவீதம் எடை குறைத்தாலே அடிக்கடி வருவது நன்றாகக் குறையும். சனி ஞாயிறு ஒரே மூச்சாகக் குடித்துவிட்டுத் திங்கள்கிழமை படபடப்போடு வருகிறவர்கள் உலகமெங்கும் உண்டு, குடியை நிறுத்தியே ஆக வேண்டும். காபியைப் பற்றி நம் வீடுகளில் பயமுறுத்துகிற அளவுக்கு ஒன்றும் இல்லை, உங்களுக்குக் குடித்தால் வருகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் விடுங்கள். அம்மா இரண்டு டம்ளர் விடாமல் குடிக்கிறாள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒரு கால்தாளில் பெயர், வயது, 'ஏஎஃப்', கூட உள்ள நோய், உறையா மாத்திரையின் பெயர், அளவு, நேரம், வீட்டு போன் நம்பர் இவ்வளவும் பெரிய எழுத்தில் எழுதிப் பையில் போட்டு அனுப்புங்கள். வழியில் விழுந்து கிடந்தால் தூக்குகிறவனுக்கு முதலில் வேண்டியது அதுதான். அம்மா அதைச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு வைத்திருக்கிறாள். போன வாரம் பார்த்தபோது சுண்ணாம்பு பட்டு மாத்திரையின் பெயரே அழிந்திருந்தது, இந்தத் தடவை பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.